புல் முளைத்த முற்றம்

பெரிய மாமா முதலில் அனுப்பியது ஒரு சின்ன வீடியோ. கனடாவில் யாரோ ஒருவருடைய வீட்டுப் பின்வளவு. நடுவில் முட்டை வடிவில் பச்சைப் பசேலென்று ஒரு புல்தரை, அதில் குட்டிக் கொடி. ஒரு கை மெல்லத் தட்ட, வெள்ளைப் பந்து உருண்டுபோய்க் குழிக்குள் விழுகிறது. கீழே மாமா எழுதியிருந்தார்: “எங்கட முற்றத்துக்கு இது எப்பிடி?”

நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். குடும்பக் குறூப்பில் மாமா போடுகிற எல்லாவற்றுக்கும் அதுதான் எங்களுடைய பதில். பனியில் புதைந்த கார், பிறந்தநாள் கேக், முருகன் படம், எல்லாவற்றுக்கும் ஒரே பெருவிரல். இந்தமுறை மட்டும் அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்துக் கடல்வழிப் பொதியில் இரண்டு பெரிய உருளைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் ஏழரை அடி அகலம், இருபத்து நாலு அடி நீளம். நாலு பேர் பிடித்துத்தான் படலையால் உள்ளே கொண்டுவந்தோம். அம்மம்மா திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, “கம்பளமோ?” என்று கேட்டா.

“இல்லை அம்மம்மா, புல்லு.”

“புல்லையோ காசு குடுத்து அனுப்பினவன்?”

கோல்ஃப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். கொழும்பில் களனிவெளி ரயிலில் போனபோது, ரயில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் நடுவாலேயே போனதைப் பார்த்திருக்கிறோம். 1879இல் தொடங்கிய கழகம் அது, இன்றைக்கும் ரயில் போக விட்டுத்தான் அடிக்கிறார்கள். நுவரெலியாவில் ஒன்று 1889இலிருந்து இருக்கிறது. வெள்ளைக்காரன் குளிருக்குப் போன இடமெல்லாம் ஒரு குழியும் தோண்டிவிட்டுப் போயிருக்கிறான் என்பதற்கு மேல் நாங்கள் யோசித்ததில்லை. மாமா இங்கிருந்து போகும்போது அவருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும். ஸ்காபரோவில் முப்பது வருசம் இரவு வேலை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு கூட வேலை செய்த ஒருவர் அழைத்துப் போய்ப் பழக்கியிருக்கிறார். தூர அடிக்கத் தோள் விடுவதில்லை. பந்தைக் குழிக்குள் உருட்டுகிற கடைசிப் பகுதி, ‘பட்டிங்’, அதுதான் அவருக்குப் பிடித்தது. பதினெட்டுக் குழி மைதானத்தில் கணக்குப்படி 72 அடி என்றால், அதில் 36 இந்த உருட்டலுக்குத்தான் என்று மாமா சொல்வார். “பாதி விளையாட்டு முற்றத்திலேயே பழகலாம் மருமக்கள். குளிர் காலத்தில அங்க மைதானம் எல்லாம் பூட்டு. நான் தை மாதம் இஞ்ச வந்து நிப்பன்.”

எங்கள் வீட்டுக் கூரை அவர் காசில் மாற்றியது. எங்களில் மூத்தவளின் லப்டொப், சின்னவனின் டியூசன், அம்மாவின் கண் ஒப்பரேசன், இப்படி அந்தப் பட்டியல் நீளும். வீட்டு முகப்பில் இருக்கிற கமராவும் அவருடையதுதான். பக்கத்து வளவில் தண்ணி மோட்டர் களவு போன கிழமை பூட்டுவித்தது. ஸ்காபரோவில் தேத்தண்ணி குடித்தபடி அவர் எங்கள் முற்றத்தைப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தில் நிலம், உரிமை, புலம்பெயர் மூலதனம் என்று கட்டுரை எழுதுகிற எங்களுக்கு, “மாமா, முற்றத்தை விடுங்கோ” என்று ஒரு குரல் செய்தி போட வாய் வரவில்லை.

முற்றம் என்றால் எங்களுடையது பெரிய அழகொன்றும் இல்லை. வலிகாமத்துச் செம்மண். அதற்கு மேல் சில வருசத்துக்கு ஒருக்கால் ஒரு லோட் மணல் பறித்துப் பரவி விடுவோம். விடிய ஐந்தரைக்கு அம்மம்மா ஈர்க்கு விளக்குமாற்றால் அதைக் கூட்டுவா. இடமிருந்து வலம், பிறகு ஒரு அடி பின்னுக்கு, மறுபடியும் இடமிருந்து வலம். கூட்டி முடிந்தால் மணலில் விசிறி விசிறியாகக் கோடு இருக்கும். அதில் முதலில் கால் வைத்தது யார் என்று அவவுக்குத் தெரியும். சாரைப்பாம்பு குறுக்கே போயிருந்தால் தெரியும். இரவு பிந்தி வந்து சத்தமில்லாமல் படலையைத் திறந்தவன் யார் என்பதும் தெரியும். கமரா வருவதற்கு முதல் எங்கள் வீட்டுக் கமரா அதுதான்.

வேலையை ஆவணியில் தொடங்கினோம். மழைக்கு முதல் முடிக்க வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. வேலை நடக்கும்போதெல்லாம் அவர் வீடியோவில் நிற்பார். அவருக்கு நடுச்சாமம், எங்களுக்குக் காலை.

புல்லை விரிக்கிறது அதில் கடைசி வேலை. அதற்கு முதல் அதன் கீழே என்ன இருக்க வேண்டும் என்பதுதான் விசயம் முழுவதும். நாலு இஞ்சி ஆழத்துக்கு மணலையும் செம்மண்ணையும் வெட்டி எடுத்தோம். களை வராமல் ஒரு கறுப்பு விரிப்பு. அதன் மேல் சல்லி, சல்லிக்கு மேல் கல்தூள். தண்ணி தெளித்துத் தெளித்துக் கொம்பேக்டரால் இறுக்க வேண்டும். ஊர்ச் சுண்ணக்கல் வேண்டாம், கருங்கல்தூள்தான் வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றதால் அது வன்னியிலிருந்து லொறியில் வந்தது. மேசன் அண்ணை அரைநாள் பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டார்:

“தம்பியவை, உதுக்கு மேல என்ன எழுப்பப் போறியள்?”

“ஒண்டும் எழுப்பேல்ல அண்ணை. பந்து உருட்டப் போறம்.”

அவர் எங்களைப் பார்த்த பார்வை நெடுநாள் மறக்காது. அத்திவாரம் கூட இல்லாத வீடுகளுக்குச் சுவர் கட்டிக் கொடுத்த மனிதர் அவர். ஆனால் மட்டம் பார்க்கத் தொடங்கியதும் அவருக்கே ருசி பிடித்துவிட்டது. தண்ணி வழிந்தோட ஒரு பக்கம் மெல்லச் சரிவு வேண்டும். நூறு அடிக்கு ஒரு அடி, மிஞ்சினால் இரண்டு அடி. அதற்கு மேல் போனால் பந்து நிற்காது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவை வெளிச்சமான ட்யூப்பில் தண்ணி விட்டுப் பிடித்தார். ஒரு கோல்ஃப் பந்தை உருட்டிப் பார்த்து, “இந்த மூலையில ஒரு நூல் பள்ளம்” என்று தானே போய்க் கல்தூள் அள்ளிப் போட்டார். எங்கள் வீட்டு நிலம் கூட அவ்வளவு சரியாக இல்லை.

நாங்கள் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். செயற்கைப் புல்லுக்கு ஒரு சாய்வு உண்டு. பூனையின் முதுகைத் தடவுவது போல, ஒரு பக்கம் தடவினால் படியும், மறுபக்கம் தடவினால் எழும்பும். இரண்டு துண்டையும் பொருத்தும்போது சாய்வு ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நாங்கள் ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டோம். நாடாவும் பசையும் போட்டு ஒட்டி எழும்பிப் பார்த்தால் ஒரு பாதி கடும்பச்சை, மற்றப் பாதி வெளிர்பச்சை. இரண்டு சாயம் வந்துவிட்டது என்று அனுப்பின கடையை மாமா திட்டிக்கொண்டிருக்க, மூத்தவள்தான் குனிந்து கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். பசை காயுமுன் உரித்துத் திருப்பிப் போட்டோம். அந்த ஓரத்தில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது.

குழி 108 மில்லிமீற்றர், அதாவது நாலேகால் இஞ்சி. உலகம் முழுக்க அதுதான் அளவாம், 1891இல் ஸ்கொட்லாந்துக்காரர் முடிவு கட்டியது. மாமா ஒரு கிண்ணம்தான் அனுப்பியிருந்தார். இரண்டாவது குழிக்கு நாங்கள் நாலு இஞ்சி எஸ்லோன் பைப்பில் ஒரு துண்டு வெட்டிப் புதைத்தோம். கொஞ்சம் சின்னன்தான். மாமாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

கடைசியாக மணல். இதுதான் எங்களுக்குச் சிரிப்பு. புல்லின் இழை நிமிர்ந்து நிற்கவும் பந்து ஓடவும் இழைகளுக்கு இடையில் மணல் நிரப்ப வேண்டும். கழுவிக் காயவைத்த சிலிக்கா மணல். தண்ணி வடிகட்டிக்குப் போடுவதற்கு விற்கிற 25 கிலோ மூடை பதின்மூன்று வாங்கினோம். வெட்டி எடுத்த முற்றத்து மணல் வேலியோரம் குவிந்து கிடக்க, அதே இடத்தில் காசு கொடுத்து வாங்கின மணலைத் தும்புத்தடியால் தேய்த்துத் தேய்த்து இறக்கினோம். சோளகக் காற்று பாதியை எங்கள் கண்ணுக்குள்ளேயே போட்டது.

இந்தப் பிளாஸ்ரிக் புல்லின் கதையை அந்த நாட்களில் தேடி வாசித்தோம். அமெரிக்காவில், ஹூஸ்டன் நகரில் 1965இல் கூரை போட்ட ஒரு பெரிய விளையாட்டரங்கு கட்டியிருக்கிறார்கள். உள்ளே உண்மையான புல்தான். ஒளி புகும் பிளாஸ்ரிக் கூரையால் வந்த வெயில் வீரர்களின் கண்ணைக் கூசச் செய்ததால் கூரைக்கு வர்ணம் அடித்திருக்கிறார்கள். வெளிச்சம் போக, புல் செத்துப்போனது. 1966இல் அதற்குப் பதிலாக விரித்ததுதான் அஸ்ட்ரோடர்ஃப். புல் வளர முடியாத இடத்துக்காகப் பேர் எடுத்த சாமான் அது. எங்கள் முற்றத்தில் புல் வளரும். மார்கழி மழைக்கு வேண்டாம் வேண்டாம் என்றாலும் வளரும். அதைப் பிடுங்குவதுதான் எங்கள் வேலை.

அம்மம்மா இத்தனை நாளும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்த அன்று பின்னேரம், எல்லோரும் சுற்றி நின்று படம் எடுக்கும்போது, அவ மட்டும் படியை விட்டு இறங்கவில்லை. இரவு சாப்பிடும்போதுதான் கதைத்தா.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க எழும்பிப் போனது. அம்மம்மாவும் அம்மப்பாவும் எங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு சைக்கிளோடு செம்மணி வீதியில் மழையில் நின்றதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். திரும்பி வந்தது 96ஆம் ஆண்டு சித்திரை முடிவில். அந்தப் பகுதியை அவ அன்றைக்குத்தான் முதல்முறை சொன்னா. வீட்டைப் பார்க்கவில்லையாம். கூரை இருக்கிறதா, கதவு இருக்கிறதா, ஒன்றும் பார்க்கவில்லை. முற்றத்தில் இடுப்பளவு புல்லு. “புல்லைப் பாத்தோடன தெரிஞ்சுது, எங்களை ஆக்கள் செத்துப்போச்சினம் எண்டு கணக்குப் போட்டிருப்பினம் எண்டு.” மூன்று நாள் புல்லுத்தான் பிடுங்கினாவாம். நாலாம் நாள் கூட்டி, கோடு விழுந்த பிறகுதான் உள்ளே போய் அடுப்பு மூட்டினா. புல் முளைத்த முற்றம் என்றால் ஆளில்லாத வீடு. ஊரில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படி நாலு வீடு இருக்கிறது, எல்லாவற்றின் சொந்தக்காரரும் உயிரோடு வெளிநாட்டில்.

நாங்கள் மாமாவுக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு அம்மம்மா எழும்பினா. ஈர்க்கு விளக்குமாறு. இடமிருந்து வலம். முற்றத்தில் மிஞ்சியிருந்த மணலைக் கூட்டிக்கொண்டு வந்தவ, ஓரத்தில் நிற்காமல் புல்லிலும் ஏறிவிட்டா. ஈர்க்கு, தும்புத்தடி மாதிரி மென்மை இல்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளே தேய்த்து இறக்கின சிலிக்கா மணல் கிளம்பி வெளியே வந்தது. தினமும். நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்தது மாமா, கமராவில். “அம்மாவை நிப்பாட்டுங்கோ! அது கூட்டத் தேவையில்லாத புல்லு!”

நிற்பாட்டப் போனது யார்? சின்னவனை அனுப்பினோம். அவன் திரும்பி வந்து, “எனக்கு ஏலாது, நீங்கள் போங்கோ” என்றான்.

பந்தின் வேகத்தை அளக்க ஒரு முறை இருக்கிறது. 1935இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் யோசித்தது. பள்ளம் விழுந்த ஒரு சட்டத்தில் பந்தை வைத்து, சட்டத்தை ஒரு பக்கம் மெல்லத் தூக்க, பந்து தானாக உருளும். அது எத்தனை அடி போகிறதோ அதுதான் தரையின் வேகம். மாமாவின் சொல்லுக்கு வயரிங் செய்கிற கேசிங் துண்டில் சின்னவன் ஒன்று செய்தான். புரட்டாதியில் ஒன்பது அடி ஓடின பந்து கார்த்திகையில் ஆறு அடியில் நின்றது. அம்மம்மா மூன்று அடியைக் கூட்டித் தள்ளியிருந்தா.

மழை வந்தது. தண்ணி தேங்கும் என்று பயந்தோம், தேங்கவில்லை. மேசன் அண்ணையின் கை. யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கு மேலால் விழுகிற மழையைத் தவிர வேறு வழி இல்லை என்பதால், முன்பே ஒரு வாளி தண்ணி ஊற்றி, கீழே இறங்குகிறதா என்று பார்த்துத்தான் விரித்திருந்தோம். ஆனால் வேம்பு இருக்கிறதே. வேப்பம் சருகு மணலில் விழுந்தால் ஒரு வீச்சில் போகும். இதில் இழைக்குள் சிக்கிக்கொண்டு வராது, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். நிழல் பக்கத்தில் பாசி பிடித்தது. பராமரிப்பு வேண்டாத புல் என்று உறையில் எழுதியிருந்தது. இரண்டு மாதத்தில் நாங்கள் அதற்குச் செய்த வேலையை மணல் முற்றத்துக்கு வாழ்நாளில் செய்ததில்லை. உண்மையில், மணல் முற்றத்துக்கு நாங்கள் ஒன்றுமே செய்ததில்லை. எல்லாம் அம்மம்மா.

மாமா தை பிறக்க இரண்டு நாளுக்கு முதல் வந்தார். பொதியை உள்ளே வைக்க முதலே செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் ஏறினார். விடிய நாலரைக்கு நேர மாற்றத்தில் நித்திரை வராமல் உருட்டத் தொடங்குவார். ஐந்தரைக்கு அம்மம்மா விளக்குமாற்றோடு வருவா. ஒருவர் உருட்ட, ஒருவர் கூட்ட. பத்து மணிக்குப் பிறகு அதில் கால் வைக்க முடியாது. வெயில் நாட்களில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸையும் தாண்டுவதாக அளந்திருக்கிறார்கள். நாங்கள் அளக்கவில்லை, மாமாவின் உள்ளங்காலே சொன்னது.

பொங்கல்தான் பிரச்சினை. கிழக்குப் பார்த்த முற்றத்தில் மெழுகிக் கோலம் போட்டு, மூன்று கல் வைத்துப் பானை ஏற்றுகிற இடத்தில்தான் இப்போது புல். தகரம் விரித்து அதன் மேல் அடுப்பு வைப்போமா என்று மாமா கேட்டார். அம்மம்மா பதில் சொல்லாமல் படலையோரம் மிஞ்சியிருந்த மணலில் தண்ணி தெளிக்கப் போனா. சூரியன் அங்கே வேலிக் கிளுவைக்கு மேலால் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. பானை பொங்கியதும் சீன வெடி. வெடித்த துண்டுகள் புல்லில் விழுந்து உருக்கின ஓட்டைகளை மாமா முழங்காலில் நின்று எண்ணினார். ஏழு.

அன்று பின்னேரம் அம்மம்மா அவருக்குப் புக்கை போட்டுக் கொடுத்துக்கொண்டே 96ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னா. எங்களுக்குச் சொன்ன அதே அளவு, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மாமா கனநேரம் பேசவில்லை. பிறகு, “அங்க வீட்டுக்கு முன்னால புல்லு 20 சென்ரிமீற்றருக்கு மேல வளர விட்டா சிற்றிக்காரன் கடிதம் போடுவான் அம்மா” என்றார். “நான் இரவு வேலை முடிச்சு வந்து நித்திரை கொள்ளாமப் புல்லு வெட்டினனான். வெட்டின புல்லு இருந்தாத்தான் உள்ளுக்க ஆள் இருக்கெண்டு அர்த்தம்.”

“இதை வெட்டவும் ஏலாதே தம்பி.”

“ஓம். இது வளராது.”

“அப்ப சரி” என்று அம்மம்மா சொன்னா. எதற்குச் சரி என்று எங்களுக்கு விளங்கவில்லை.

புல்லை எடுத்துவிடலாமா என்று அவர் கேட்கவில்லை. எடுங்கோ என்று அவவும் சொல்லவில்லை. போகுமுன் ஒரு நாள் அவரும் சின்னவனும் சேர்ந்து படலைப் பக்கத்து மூலையில் மூன்று அடி வெட்டிக் கழற்றி, கல்தூளைக் கிண்டி எடுத்து, வேலியோரம் கிடந்த பழைய மணலை அள்ளிப் போட்டார்கள். அடுத்த பொங்கலுக்கு அது போதுமா என்றால் பானை மட்டும் வைக்கப் போதும்.

மாமா திரும்பிப் போய் இரண்டு கிழமை. பனம்பாத்தி கிண்டிக் கிழங்கு வந்தது. அவித்து, கிழித்து, காய வைக்க வேண்டும். எங்கே காய வைக்கிறது என்று நாங்கள் யோசிக்க முதலே அம்மம்மா பாயைக் கொண்டுவந்து புல்லின் மேல் விரித்துவிட்டா. கீழிருந்தும் சூடு, மேலிருந்தும் சூடு. புழுக்கொடியல் வழமைக்கு முதலே முறுகிவிட்டது. அவவுக்கு அந்தப் புல்லில் முதல்முறை ஒரு மரியாதை வந்தது. அடுத்த நாள் மிளகாய். அதற்கடுத்த நாள் வேப்பம்பூ வடகம்.

இரண்டு குழியிலும் கொடியைக் கழற்றி, காகம் கலைக்கக் கறுப்புத் துணி கட்டி நட்டிருந்தா. நாங்கள் கம்பசுக்கு வெளிக்கிடும்போது போன் அடித்தது. ஸ்காபரோவில் அப்போது இரவு ஒன்பது மணிக்கு மேல் இருக்கும்.

“மருமக்கள், அது என்னது குழிக்குள்ள நிக்கிறது?”